பதின்மூன்று மாநிலமா, ஒரே நாடா? அமெரிக்கக் குடியரசின் முதல் ஐம்பது வருடச் சண்டை

அமெரிக்காவில் மாநிலங்கள் பிரிந்துபோகக் கிளம்பிய கதை என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது 1861, தெற்கு மாநிலங்கள், அடிமை முறை, லிங்கன். சரிதான், ஆனால் அது கதையின் பிற்பாதி. அதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே "இவர்களோடு இனிமேல் குப்பை கொட்ட முடியாது, தனியாகப் போய்விடலாம்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வடகிழக்கு மூலையில் இருந்த நியூ இங்கிலாந்துக்காரர்கள். மசாசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கத்து வக்கீல்களும் கப்பல் வியாபாரிகளும்தான். அந்தச் சமயத்தில் தேச ஒற்றுமை பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுத்தவர்கள் யார் தெரியுமா, தெற்கத்தியர்கள்.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்தக் காலத்து அரசியல் பாதி புரிந்துவிடும். மாநில உரிமை என்ற வாதம் எந்தப் பகுதிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. மையத்தில் யார் தோற்றார்களோ அவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள், ஜெயித்ததும் கீழே போட்டார்கள். ஆனால் இந்த மாறாட்டத்துக்கு அடியில், யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நகராத ஒரு கோடும் கிடந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஆரம்பம். 1776க்கு முன் பதின்மூன்று காலனிகளும் லண்டனோடுதான் நேரடியாகப் பேசின, ஒன்றோடொன்று அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை. விடுதலைக்குப் பிறகும் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் போன்றவர்கள் "என் நாடு" என்று எழுதினால் அது பல சமயம் வர்ஜீனியாவைத்தான் குறிக்கும். 1781இல் நடைமுறைக்கு வந்த முதல் ஒப்பந்தமும் அந்த மனநிலையில்தான் இருந்தது. பெரியதோ சிறியதோ மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. மைய அரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. ஒப்பந்தத்தைத் திருத்த பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும்.

இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. போர்க் கடனை அடைக்க இறக்குமதிச் சரக்கு மேல் வெறும் 5 சதவீத வரி போடலாம் என்று மைய காங்கிரஸ், அதாவது மாநிலப் பிரதிநிதிகள் கூடிய சபை, கேட்டது. 1782இல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் மாட்டேன் என்றது, அத்தோடு முடிந்தது. மறு வருடம் சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காப்பாற்றும்படி பென்சில்வேனியா அரசைக் கேட்டால், அது உள்ளூர்ப் படையைக் கூப்பிட முன்வரவில்லை. கடைசியில் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஊரைவிட்டே கிளம்பிப் பிரின்ஸ்டனில் போய் உட்கார்ந்தார்கள். உலகின் பெரிய பேரரசைத் தோற்கடித்த நாட்டின் சட்டசபைக்கு இந்தக் கதி.

வட்டாரச் சண்டையும் அப்போதே தலைகாட்டிவிட்டது. 1786இல் ஸ்பெயினோடு வியாபார ஒப்பந்தம் பேசப் போன வெளியுறவுச் செயலாளர் ஜான் ஜே, அதற்கு விலையாக மிசிசிப்பி நதியில் அமெரிக்கர்கள் படகு விடும் உரிமையைப் பல வருடங்களுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று காங்கிரஸிடம் கேட்டார். வடக்கு மாநிலங்களுக்கு ஸ்பெயின் வியாபாரம் வேண்டும், மிசிசிப்பி எங்கே ஓடினால் என்ன. தெற்குக்கோ, மேற்கே போய்க் குடியேறுகிற தன் ஆட்கள் விளைச்சலைக் கடலுக்குக் கொண்டுபோக அந்த ஒரே ஒரு நதிதான். வாக்கெடுப்பு 7க்கு 5, அப்படியே வடக்கு எதிர் தெற்கு. ஒன்பது ஓட்டு இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்பதால் விஷயம் அங்கேயே நின்றது. ஆனால் வடக்கத்தியர்கள் தனிக் கூட்டமைப்பு பற்றிப் பேசுகிறார்கள் என்று அந்த ஆகஸ்டிலேயே வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மன்றோ தன் மாநிலத்து ஆளுநருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அரசியல் சட்டமே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பிரிவினைப் பேச்சு.

அப்புறம் 1787, அரசியல் சட்டம் எழுதிய பிலடெல்பியா மாநாடு. 55 பேர் வந்தார்கள், ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பள்ளிப் பாடங்களில் இதைப் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் தகராறாகச் சொல்லி, செனட்டில் சமம், பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி என்ற சமரசத்தோடு முடித்துவிடுவார்கள். அங்கேயே உட்கார்ந்து நாள்தோறும் குறிப்பு எழுதிய மாடிசன் வேறு மாதிரி பார்த்தார். ஜூன் 30 அன்று எழுந்து, மாநிலங்களைப் பிரிப்பது அளவு அல்ல, அடிமைகள் இருக்கிறார்களா இல்லையா என்பதுதான் என்று சபையிலேயே சொன்னார்.

அங்கே முடிவான ஒரு கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், பின்னால் வருகிற பாதிச் சண்டைக்கு அதுதான் மூலம். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. அடிமைகளைச் சேர்த்து எண்ணலாமா? தெற்கு எண்ணு என்றது, வடக்கில் பலர் கூடாது என்றார்கள். ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று பேசி முடித்தார்கள். அடிமைக்கு ஓட்டு கிடையாது, உரிமை கிடையாது, ஆனால் அவன் உடம்பு கணக்கில் ஏறி அவன் முதலாளியின் மாநிலத்துக்குக் கூடுதல் இடம் வாங்கித் தரும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் அந்த இடங்களைப் பொறுத்தது என்பதால் அங்கேயும் அதே லாபம். இன்னொரு பேரமும் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்குமதி செய்வதை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக்கூடாது. அதற்குப் பதிலாக, கப்பல் வியாபாரச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கையைத் தெற்கு விட்டுக்கொடுக்கும்.

முகவுரையில் வருகிற "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாங்கள்" என்ற புகழ்பெற்ற வரிக்கும் ஒரு பின்கதை உண்டு. முதல் வரைவில் நியூ ஹாம்ப்ஷயர், மசாசூசெட்ஸ் என்று ஆரம்பித்து ஜார்ஜியா வரை பதின்மூன்று பெயரும் வரிசையாக இருந்தன. கடைசியில் வாசகத்தைத் திருத்திய குழு அதை எடுத்துவிட்டது. ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்றாகிவிட்டது, எந்த ஒன்பது என்று தெரியாமல் எப்படிப் பெயர் போடுவது? பெரிய தேசியக் கொள்கை முழக்கமாக நாம் படிக்கிற வரிக்கு இப்படி ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. ஆனால் வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி சும்மா விடவில்லை. "மக்களாகிய நாங்கள்" என்று பேச இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது, "மாநிலங்களாகிய நாங்கள்" என்றல்லவா இருக்க வேண்டும் என்று 1788இல் பிடித்துக்கொண்டார். அரசியல் சட்டத்தை ஏற்க மாநிலங்களில் விழுந்த ஓட்டும் அப்படியொன்றும் அமோகம் இல்லை: வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூ யார்க்கில் 30க்கு 27, ரோட் ஐலண்ட் 1790இல் வேண்டாவெறுப்பாக வந்தபோது 34க்கு 32.

புது அரசு உட்கார்ந்த கையோடு பணச் சண்டை. நிதியமைச்சர் ஹாமில்டன், மாநிலங்களின் போர்க் கடனையெல்லாம் மைய அரசே ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். கடன் கொடுத்த பணக்காரர்களின் நலன் அப்போது மையத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதுதான் அவர் கணக்கு. மசாசூசெட்ஸ், தென் கரோலினா மாதிரி பெரிய கடன் வைத்திருந்த மாநிலங்களுக்கு இனித்தது. வர்ஜீனியாவோ தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்தது, அடுத்தவன் கடனுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டது. மசோதா தோற்றது. 1790 ஜூனில் ஒருநாள் நியூ யார்க்கில் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் வீட்டு வாசலில் ஹாமில்டனைப் பார்த்ததாக ஜெஃபர்சன் பிறகு எழுதிவைத்திருக்கிறார். எப்போதும் மடிப்புக் கலையாத ஆள், அன்று உடைகூடச் சரியாக இல்லாமல் முகம் வாடி நின்றாராம். ஜெஃபர்சன் அவரையும் மாடிசனையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் பேரம் படிந்தது: கடன் மசோதாவுக்குத் தெற்கிலிருந்து சில ஓட்டு விழும், தலைநகரம் தெற்கே போட்டோமாக் நதிக்கரைக்குப் போகும். இன்று வாஷிங்டன் நகரம் அந்த இடத்தில் இருப்பதற்கு அந்த விருந்துக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடம் கழித்து ஜெஃபர்சன், ஹாமில்டன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று புலம்பியது தனிக் கதை.

இதிலிருந்துதான் கட்சிகள் முளைத்தன. ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்டுகள், நியூ இங்கிலாந்து அவர்கள் கோட்டை. ஜெஃபர்சன், மாடிசன் பக்கம் ரிபப்ளிகன்கள், அவர்களுக்குத் தெற்கு. (இன்றைய ரிபப்ளிகன் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1796இல் விடைபெறும்போது வாஷிங்டன், வடக்கு தெற்கு, கடற்கரை மேற்கு என்று நிலப்பகுதியை வைத்துக் கட்சி கட்டாதீர்கள் என்று எழுதினார். நல்ல கடிதம், கேட்கத்தான் ஆள் இல்லை.

1798இல் ஃபெடரலிஸ்டுகள் கையில் மைய அரசு. அரசை விமர்சித்து எழுதினால் சிறை என்று தேசத்துரோகச் சட்டம் போட்டார்கள். எதிர்க்கட்சியில் இருந்த ஜெஃபர்சனும் மாடிசனும் பெயர் போடாமல் கென்டக்கி, வர்ஜீனியா சட்டசபைகளுக்குத் தீர்மானங்கள் எழுதிக் கொடுத்தார்கள். மையம் எல்லை மீறினால் மாநிலம் குறுக்கே வந்து தன் மக்களைக் காக்கலாம் என்பது சாரம். இந்த "குறுக்கே வரலாம்" வாதத்தை மனதில் வையுங்கள், அது கை மாறிக்கொண்டே போகப் போகிறது.

1800 குடியரசுத் தலைவர் தேர்தலில் தேர்வாளர் ஓட்டு ஜெஃபர்சனுக்கு 73, பதவியில் இருந்த ஃபெடரலிஸ்ட் தலைவர் ஆடம்ஸுக்கு 65. ஐந்துக்கு மூன்று கணக்கு இல்லாவிட்டால் ஆடம்ஸ்தான் ஜெயித்திருப்பார் என்பது பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டுச் சொல்வது. நியூ இங்கிலாந்துக்காரர்கள் அன்றைக்கே அதைப் போட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அடிமைகள் மேல் இரக்கம் பொங்கியது என்று நினைக்க வேண்டாம், தங்கள் ஓட்டுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதே என்பதுதான் எரிச்சல். 1803இல் ஜெஃபர்சன் பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூசியானா பிரதேசத்தை வாங்கியதில் நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. மேற்கே இன்னும் எத்தனை மாநிலம் வருமோ, நாம் ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுவோமே என்ற பயம். 1804இல் மசாசூசெட்ஸ் செனட்டர் டிமதி பிக்கரிங், வாஷிங்டனிடமே வெளியுறவு அமைச்சராக இருந்தவர், வடக்குக்குத் தனிக் கூட்டமைப்பு என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஹாமில்டன் அதற்கு உடன்படவில்லை, திட்டமும் கரைந்துபோயிற்று.

அப்புறம் வந்தது 1807 டிசம்பர் தடைச் சட்டம். பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. பதிலடியாக ஜெஃபர்சன் வெளிநாட்டு வியாபாரத்துக்கே பூட்டுப் போட்டார். ஏற்றுமதி ஒரே வருடத்தில் 10.8 கோடி டாலரிலிருந்து 2.2 கோடிக்கு விழுந்தது. துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா கிடந்தன, கனடா எல்லையில் கடத்தல் களைகட்டியது. மாநில உரிமைத் தீர்மானம் எழுதிய அதே ஜெஃபர்சன், கடத்தலைத் தடுக்க ராணுவத்தை அனுப்பினார். 1809இல் கனெக்டிகட் ஆளுநர் தன் சட்டசபையில் சொன்னது: மைய அரசு எல்லை மீறும்போது மாநிலச் சட்டசபை குறுக்கே நின்று மக்களைக் காக்க வேண்டும். 1798இல் வர்ஜீனியாவில் தயாரான சரக்கு, பதினொரு வருடத்தில் கனெக்டிகட்டுக்கு வந்துவிட்டது.

1812இல் பிரிட்டனோடு போர். தெற்கும் மேற்கும் கேட்ட போர், கடலோர நியூ இங்கிலாந்து வேண்டாம் என்ற போர். மசாசூசெட்ஸ், கனெக்டிகட் ஆளுநர்கள் மாநிலப் படையை அனுப்ப மறுத்தார்கள். 1814இல் கனடாவில் இருந்த பிரிட்டிஷ் தளபதி, தன் படையில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பிடுவது வெர்மான்ட், நியூ யார்க் ஆட்கள் விற்கிற மாட்டிறைச்சியைத்தான் என்று லண்டனுக்கு எழுதினார். அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தியது.

அந்த டிசம்பர் 15 அன்று கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் நியூ இங்கிலாந்தின் 26 பிரதிநிதிகள் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மாடிசனின் அரசு பயந்து, நடப்பதைக் கண்காணிக்க ஒரு ராணுவ அதிகாரியை அந்த ஊருக்கு அனுப்பிவைத்தது. ஆனால் ஜனவரி 5 அன்று வெளியே வந்த அறிக்கையில் பிரிவினை இல்லை. நிதானமான ஆட்கள் கையில் கூட்டம் இருந்தது. அவர்கள் கேட்டது அரசியல் சட்டத் திருத்தங்கள், அதைப் படித்தாலே அவர்கள் மனதில் இருந்த புண்ணெல்லாம் தெரியும். ஐந்துக்கு மூன்று கணக்கை எடு. புது மாநிலம் சேர்க்கவும் போர் அறிவிக்கவும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். வியாபாரத் தடை 60 நாளுக்கு மேல் கூடாது. ஒரே மாநிலத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு தலைவர்கள் வரக்கூடாது, அதாவது வர்ஜீனியாக்காரர்களே, போதும். முதல் 36 வருடங்களில் 32 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள் என்பதைப் பார்த்தால் கோபம் புரியும்.

இந்தக் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு மசாசூசெட்ஸின் தூதர்கள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்த நாட்களில்தான், நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஜாக்சன் பிரிட்டிஷ் படையை நொறுக்கிய செய்தியும், சமாதான உடன்படிக்கை கையெழுத்தான செய்தியும் தலைநகருக்கு வந்தன. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். நடுவில் இவர்கள் புகார் மனுவோடு நின்றார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. தேசிய அளவில் ஃபெடரலிஸ்ட் கட்சி அதன்பின் எழுந்திருக்கவே இல்லை.

இவ்வளவு இழுபறியிலும் நாடு ஏன் உடையவில்லை என்று கேட்கலாம். ஒரு காரணம், பலரும் கவனிக்காதது, தபால். 1792 சட்டப்படி செய்தித்தாளை 100 மைலுக்குள் ஒரு சென்ட், அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் ஒன்றரை சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம். 1790இல் 75ஆக இருந்த தபால் நிலையங்கள் 1830இல் 8,450. ஓஹையோவில் இருந்த விவசாயியும் காங்கிரஸில் நடந்த சண்டையைப் படித்துக் கோபப்பட்டார், ஒரே விஷயத்துக்குக் கோபப்படுவதும் ஒருவித ஒற்றுமைதான். இன்னொன்று, மேற்கில் உருவான மாநிலங்கள். நிலம், எல்லை, சட்டம் எல்லாம் மைய அரசு போட்டுக் கொடுத்தது என்பதால், நாங்கள்தான் முதலில், மையம் பிறகுதான் என்ற வர்ஜீனியாவின் பழைய பெருமை அவர்களுக்கு இல்லை.

போருக்குப் பின் கொஞ்ச காலம் எல்லாம் சுமுகம். 1820 குடியரசுத் தலைவர் தேர்தலில் மன்றோவுக்கு விழுந்த தேர்வாளர் ஓட்டு 231, எதிராக ஒன்றே ஒன்று. ஆனால் அதே சமயத்தில் மிசூரி வெடித்துக்கொண்டிருந்தது, நான் சொன்ன அந்த நகராத கோடு இதுதான். 1819 பிப்ரவரியில் மிசூரியை மாநிலமாக்கும் மசோதா வந்தபோது, நியூ யார்க்கின் ஜேம்ஸ் டால்மேஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அங்கே இனி அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது, இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை. பிரதிநிதிகள் சபையில் கட்சி காணாமல் போனது, வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம். இந்த நெருப்பைக் கடல் நீர் எல்லாம் சேர்ந்தாலும் அணைக்காது, ரத்தம்தான் அணைக்கும் என்றார் ஜார்ஜியாவின் தாமஸ் காப். வந்தால் வரட்டும் என்றார் டால்மேஜ்.

1790 கணக்கெடுப்பில் வடக்கும் தெற்கும் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமம். இப்போது வடக்கு முந்திவிட்டது, பிரதிநிதிகள் சபை அவர்கள் கையில். தெற்குக்கு மிச்சமிருந்த அரண் செனட்தான், அங்கே 11 மாநிலத்துக்கு 11. எனவே மசாசூசெட்ஸிலிருந்து மெய்னைப் பிரித்து அடிமை இல்லாத மாநிலமாகச் சேர்த்தார்கள், மிசூரி அடிமைகளோடு வந்தது, லூசியானா பிரதேசத்தின் மீதிப் பகுதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று கோடு கிழித்தார்கள். வயதான ஜெஃபர்சன், நள்ளிரவில் அடித்த தீ மணிபோல இது தன்னைத் திடுக்கிட்டு எழுப்பியது என்று எழுதினார். அவர் கவலை அடிமைகளைப் பற்றியதைவிட, வரைபடத்தில் கிழித்த கோடு இனி அழியாது என்பதைப் பற்றியது.

இனி இருவரை மட்டும் பார்த்தால் போதும். தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன் 1812இல் போர் வேண்டும் என்றவர், உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரியை 1816இல் ஆதரித்தவர், சாலையும் கால்வாயும் போட்டு நாட்டைக் கட்டிப்போடுவோம் என்று 1817இல் மசோதா கொண்டுவந்தவர். டேனியல் வெப்ஸ்டர் அப்போது நியூ ஹாம்ப்ஷயர்க்காரர், 1816 வரியை எதிர்த்தவர், கட்டாய ராணுவச் சேவை பேச்சு வந்தபோது மாநிலங்கள் குறுக்கே வர வேண்டும் என்று 1814இல் முழங்கியவர். 1828இல் பார்த்தால் அப்படியே தலைகீழ். வடக்கில் ஆலைகள் பெருகிவிட்டன, பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்ட வெப்ஸ்டர் உயர்ந்த இறக்குமதி வரிக்கு ஓட்டுப் போட்டார். பருத்தி விற்று வெளிநாட்டுச் சாமான் வாங்குகிற தெற்குக்கு அது அடி. துணைத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே கால்ஹூன் பெயர் போடாமல் ஓர் அறிக்கை எழுதினார்: மையச் சட்டம் செல்லாது என்று ஒரு மாநிலமே அறிவிக்கலாம். வெப்ஸ்டர் 1830 ஜனவரியில் செனட்டில், சுதந்திரமும் ஒற்றுமையும் என்றும் பிரிக்க முடியாதவை என்று பேசிய பேச்சு நாடு முழுக்க அச்சாகிப் பரவியது.

கால்ஹூனுக்கு உண்மையிலேயே வரிதான் பிரச்சினையா? 1830 செப்டம்பரில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். வரி ஒரு சந்தர்ப்பம்தான், நிஜமான காரணம் தெற்கு மாநிலங்களுக்கே உரிய "வீட்டு ஏற்பாடு", அதாவது அடிமை முறை, அது நாட்டின் பெரும்பான்மைக்கு எதிராகத் தெற்கை நிறுத்தியிருக்கிறது, என்றாவது மையம் அதில் கை வைக்கும். மற்ற வாதங்களையெல்லாம் வடக்கும் தெற்கும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டன, இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

1832 நவம்பரில் தென் கரோலினா, மையத்தின் வரிச் சட்டங்கள் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜாக்சன் தெற்கத்தியர், அடிமை முதலாளி, இருந்தும் ஆயுதத்தோடு ஒற்றுமையைக் குலைப்பது தேசத்துரோகம் என்று எச்சரித்தார். மற்ற தெற்கு மாநிலங்கள் துணைக்கு வரவில்லை. 1833 மார்ச் 2 அன்று இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் கையெழுத்தாயின: ஒன்று வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டம், இன்னொன்று தேவைப்பட்டால் படை அனுப்பி வரி வசூலிக்கும் சட்டம். தென் கரோலினா தன் பழைய அறிவிப்பை வாபஸ் வாங்கியது. வாங்கிய கையோடு, மூன்று நாள் கழித்து, அந்தப் படை அனுப்பும் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று புதிதாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு தரப்பும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.